ரசீதைத் திருப்பிப் பாருங்கள்

தேக்கா சந்தையில் மீன் வாங்கும்போது அம்மா ஒரு வெள்ளியாவது குறைக்காமல் நகரமாட்டார். பக்கத்தில் நிற்கும் எனக்குத்தான் கூச்சமாக இருக்கும். பெரிய கடைகளில் ஒட்டியிருக்கும் விலையை அப்படியே கொடுத்துவிட்டு வருபவள் நான்.

சென்ற மாதம் ஒரு மின்சாதனக் கடையில் 189 வெள்ளிக்கு மிக்சி வாங்கினேன். இரண்டு நாள் கழித்து, சிராங்கூன் சாலையில் அதே மிக்சி 159 வெள்ளி! புலம்பினேன். "ரசீதைத் திருப்பிப் பாத்தியா?" என்றார் அம்மா. பொடி எழுத்தில் இருந்தது: ஏழு நாளுக்குள் வேறு கடையில் விலை குறைவாக இருந்தால் வித்தியாசம் திருப்பித் தரப்படும்.

விலைச்சீட்டைப் படமெடுத்துக்கொண்டு போனேன். ஊழியர் கேட்டது மூன்றே கேள்வி: மாடல் எண் ஒன்றுதானா? அங்கே சரக்கு இருக்கிறதா? உள்ளூர்க் கடையா? ஐந்து நிமிடத்தில் 30 வெள்ளி கைக்கு வந்தது.

எல்லாக் கடைகளிலும் இந்த வசதி கிடையாது. இணைய விலை, குறுகிய நேரச் சலுகை போன்றவற்றைச் சில கடைகள் ஏற்பதில்லை. ஒரு கடைக்கென்றே தனி மாடல் எண்ணுடன் வரும் பொருள்களும் உண்டு. அவற்றை எதனுடனும் ஒப்பிட முடியாது. அதனால், பணம் கட்டும் முன்பே விதிமுறையைக் கேட்டுவிடுங்கள்.

மளிகைக்கு வேறு வழி இருக்கிறது. சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கம் 2019ல் தொடங்கிய 'பிரைஸ் காக்கி' செயலியில் பேரங்காடிகளின் விலைகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

பொருள், சேவை வரி 9 விழுக்காடாகிவிட்ட காலத்தில் 30 வெள்ளி சின்னத் தொகையல்ல. இப்போதெல்லாம் அம்மா பேரம் பேசும்போது நான் தள்ளி நிற்பதில்லை.