‘ஸ்போர்ட்ஸ் பக்கம்தானே’ எண்டு சொல்லுறவைக்கு

பத்திரிகை ஒன்றில் புதிதாகச் சேருகிற பெடியனுக்கோ பெட்டைக்கோ முதல் கிழமையில் சொல்லப்படுகிற வசனம் அநேகமாக ஒன்றுதான்: “தம்பி, நீர் முதல்ல ஸ்போர்ட்ஸ் பக்கத்தைப் பாரும். பிறகு பாப்பம்.” அந்தப் ‘பிறகு’ என்பது அரசியல், நீதிமன்றம், முதல் பக்கம். அங்கே போகும் வரைக்கும் கை பழகுகிற இடம் விளையாட்டுப் பக்கம். பிழை விட்டாலும் ஆரும் வழக்குப் போடமாட்டினம், அமைச்சர் போன் எடுக்கமாட்டார் எண்ட நினைப்பு.

அந்த நினைப்போடுதான் எங்களுக்குச் சண்டை. எங்கட குழுவில் சிலர் விளையாட்டுச் செய்தி எழுதிப் பார்த்தவர்கள், சிலர் இன்னும் எழுதுகிறவர்கள். நாங்கள் ஒரு பத்திரிகையைக் குறிவைத்து இதை எழுதவில்லை. இது எல்லா இடமும் உள்ள பழக்கம். பழக்கம் என்பதால்தான் ஆரும் அதைக் கேள்வி கேட்பதில்லை.

முதலில் அந்த வேலை எப்பிடி நடக்குது எண்டு சொல்லுவம். சனி, ஞாயிறு எண்டா ஊர் முழுக்க ஆட்டம். உதைபந்தாட்டம், கரப்பந்தாட்டம், மென்பந்து துடுப்பாட்டம், பாடசாலை மெய்வல்லுநர் போட்டி. விளையாட்டுப் பக்கத்துக்கு இருப்பது ஒரு ஆள், அல்லது ஒன்றரை ஆள். அந்த அரை ஆள்தான் புதிதாக வந்தவர். அவரை மைதானத்துக்கு அனுப்ப மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் காசு கிடையாது. ஆகவே அவர் மேசையில் இருந்து வைபரையும் வட்ஸ்அப்பையும் பார்த்துக்கொண்டிருப்பார். கழகச் செயலாளர் தானே எழுதி அனுப்புகிற செய்தி வரும். அதில் பிரதம விருந்தினர், சிறப்பு விருந்தினர், கௌரவ விருந்தினர் எல்லாருடைய பெயரும் பட்டத்தோடும் பதவியோடும் இருக்கும். கோல் அடிச்ச பெடியன்ர பேர் இருக்காது. கேட்டு எழுதப் போனால், “இடமில்லை, உள்ளதைப் போடும்” என்பார்கள். அடுத்த நாள் பேப்பரில் கிண்ணத்தைக் கொடுக்கிறவரின் முகம் தெரியும், வாங்குகிறவரின் முதுகு தெரியும்.

இது செய்தியில்லை, விழா அறிக்கை. ஒரு இளம் ஆளை வேலைக்கு எடுத்து முதல் ஆறு மாதம் இதையே செய்ய வைத்தால், செய்தி என்றால் இதுதான் என்று அவர் நம்பிவிடுவார். பிறகு அவரை அரசியல் பக்கத்துக்கு மாற்றினாலும் அங்கேயும் விருந்தினர் பட்டியல்தான் எழுதுவார். எங்கட பத்திரிகைகளில் அரசியல் செய்தி ஏன் மேடைப் பேச்சின் பிரதியாக இருக்குது எண்டு கேட்கிறவை, அந்த ஆள் எங்க பயிற்சி எடுத்தவர் எண்டும் கேட்க வேணும்.

அடுத்தது சம்பளம். நியமனக் கடிதம் கேட்டால் “கொஞ்சக் காலம் பாப்பம்” என்பார்கள். செய்திக்கு இவ்வளவு என்று ஒரு கணக்கு, அதுவும் அச்சில் வந்தால் மட்டும். பேர் போடுவதில்லை, ‘எமது நிருபர்’ என்று போகும். இந்த நாட்டில் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958இல் வந்தது. தொழில் தருநர் 12 வீதம், ஊழியர் 8 வீதம் கட்ட வேண்டும் என்பது நிரந்தர ஊழியருக்கு மட்டுமான சலுகை இல்லை. தற்காலிகமாகவோ துண்டு வேலைக்கோ எடுத்தாலும் ஊழியர் ஊழியர்தான். ஆனால் ஒவ்வொரு நாளும் பின்னேரம் நாலு மணிக்கு வந்து பக்கம் முடிய இரவு பத்து மணிக்குப் போகிற ஆளை ‘பங்களிப்பாளர்’ என்று ஒரு சொல்லுக்குள் தள்ளிவிட்டால் அந்தக் கணக்கெல்லாம் இல்லாமல் போய்விடுகிறது. இதைக் கேட்டால் வருகிற பதில் எங்களுக்கு மனப்பாடம்: “ஆர்வத்திலதானே வந்தனீர்?”

ஓம், ஆர்வத்தில்தான் வந்தது. ஆர்வம் இல்லாமல் ஆர் இந்த வேலைக்கு வருவினம்? ஆனால் வீட்டு வாடகைக்காரர் ஆர்வத்தை வாங்குவதில்லை. பத்திரிகைக்குத் தாள் விற்கிறவரும் ஆர்வத்தை வாங்குவதில்லை. தாளுக்குக் காசு கொடுக்க வேண்டும் என்று தெரிந்த நிர்வாகத்துக்கு அந்தத் தாளில் எழுதுகிற ஆளுக்கும் கொடுக்க வேண்டும் என்று தெரியாமல் போவது எப்படி?

நிர்வாகத்தின் கஷ்டம் எங்களுக்குத் தெரியாமல் இல்லை. 2022 மார்ச்சில் தாள் தட்டுப்பாட்டால் கொழும்பில் ‘தி ஐலண்ட்’, ‘திவயின’ பத்திரிகைகளின் சனிக்கிழமைப் பதிப்பே நிறுத்தப்பட்டது. விளம்பரம் குறைந்துவிட்டது, ஆக்கள் போனில் வாசிக்கினம். சரி. ஆனால் பிக் மட்ச் காலத்தில் வருகிற விளம்பரங்களை எண்ணிப் பாருங்கோ. யாழ். மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் இடையிலான ‘வடக்கின் பெரும் போர்’ 1904இல் தொடங்கியது. அதற்கு வருகிற பழைய மாணவர் வாழ்த்து, வங்கி வாழ்த்து, கடை வாழ்த்து எல்லாம் விளையாட்டுப் பக்கத்தை ஒட்டித்தான் வருகிறது. ‘பொன் அணிகளின் போர்’ நடக்கும்போதும் அப்படித்தான். காசு வரும்போது அது பத்திரிகையின் பக்கம், செலவு வரும்போது மட்டும் ‘ஸ்போர்ட்ஸ் பக்கம்தானே’. இது நியாயமான கணக்கில்லை.

இன்னொரு பதிலும் உண்டு, அதுதான் கொஞ்சம் பாரமானது. மூத்த ஊடகவியலாளர்கள் சொல்லுவார்கள்: “நாங்கள் சூட்டுக்குள்ள பேப்பர் அடிச்சனாங்கள். உங்களுக்கு ஸ்கோர் போடுறதுக்கு இவ்வளவு கதையோ?” இதற்குச் சட்டென்று வாய் திறக்க முடியாது. மயில்வாகனம் நிமலராஜன் 2000இல் தன் வீட்டிலேயே வைத்துச் சுட்டுக் கொல்லப்பட்டார். 2006 மே மாதம் ‘உதயன்’ அலுவலகத்துக்குள் புகுந்து இரண்டு ஊழியர்களைக் கொன்றார்கள். அந்தக் காலத்தில் வேலை செய்தவர்கள் முன் நாங்கள் தலை குனிகிறோம். ஆனால் அந்தத் தியாகத்தை அடுத்த தலைமுறையின் சம்பளத்தைக் குறைக்கிற காரணமாகப் பாவிப்பது அந்தத் தியாகத்துக்கு மரியாதை இல்லை. அவர்கள் உயிரைக் கொடுத்தது ஒரு தொழிலுக்காக. அந்தத் தொழில் இண்டைக்கு ஒரு இளம் ஆள் மூன்று வருடம்கூட நின்று பிடிக்க முடியாத தொழிலாக இருந்தால், அந்த இழப்புக்குப் பிறகு எதைக் காப்பாற்றி வைத்திருக்கிறோம்?

ஸ்கோர் போடுவது சின்ன வேலை என்பதையும் நாங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் யாழ். மத்திய கல்லூரியில் படித்தவர். 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் உயரம் பாய்ந்தார், 1956இல் மெல்பேர்னில் பாய்ந்தார், 1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் எடுத்தார். அவருடைய பெரிய பதக்கங்கள் உலகப் பதிவுகளில் இருக்கின்றன. அவரோடு கூடப் பாய்ந்து மாகாணத்தோடு நின்ற பெடியங்களைப் பற்றி எங்கே போய்த் தேடுவது? ஊர்ப் பத்திரிகைகளில்தான். 1981இல் யாழ். பொது நூலகம் எரிக்கப்பட்டது, அதே நாட்களில் ‘ஈழநாடு’ அலுவலகமும் எரிக்கப்பட்டது. அரசியல் வரலாறு போனது என்று கவலைப்படுகிறோம், சரிதான். அதோடு ஆயிரம் சின்ன எழுத்து ஸ்கோர்களும் போயிருக்கும். அதை ஆரும் எண்ணவில்லை.

இப்போது எரிக்க ஆள் தேவையில்லை. பேர் எழுதாமல் விட்டாலே காணும். கோல் அடித்தவரின் பெயரில்லாத செய்தியை இருபது வருடத்துக்குப் பிறகு ஆராய்ச்சிக்கு எடுக்கிறவருக்கு என்ன கிடைக்கும்? பிரதேச செயலாளர் கிண்ணம் கொடுத்தார் என்பது கிடைக்கும்.

விஜயகாந்த் வியாஸ்காந்த் 2020இல் லங்கா பிரீமியர் லீக்கில் யாழ்ப்பாண அணிக்கு ஆடினார், 2023இல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் இலங்கை அணிக்கு ஆடினார், 2024இல் ஐபிஎல்லில் சன்ரைசர்ஸ் ஹைதராபாத்துக்கு ஆடினார். அதற்குப் பிறகு எல்லாரும் எழுதினார்கள், அது லேசான வேலை. அவர் மத்திய கல்லூரிச் சீருடையில் பந்து வீசின நாட்களில் வெயிலுக்குள் நின்று கணக்கு எழுதின ஆள்தான் விளையாட்டுச் செய்தியாளர். அடுத்த வியாஸ்காந்தை முதலில் பார்க்கப் போகிறவரும் அப்படி நிற்கிற ஒருவர்தான். அவருக்குத்தான் பெற்றோல் காசில்லை.

பெண்கள் கதை இன்னும் மோசம். தர்ஜினி சிவலிங்கம் இருந்த இலங்கை வலைப்பந்தாட்ட அணி 2018இலும் 2022இலும் ஆசியக் கிண்ணத்தை வென்றது. கிண்ணத்தோடு வந்தால் முதல் பக்கத்தில் பெரிய படம் போடலாம். ஆனால் வலய மட்ட வலைப்பந்தாட்டம் நடக்கிற அன்று அங்கே செய்தியாளர் போவாரா? தெல்லிப்பழை மகாஜனாவின் பெண்கள் உதைபந்தாட்டத்துக்கும் கோலூன்றிப் பாய்தலுக்கும் பேர் எடுத்தது. அங்கே படித்த அனித்தா ஜெகதீஸ்வரன் தேசிய சாதனை படைத்தவர். கோலூன்றிப் பாய்தல் எண்டா ஒரு கோலை வாங்கி வைத்து எல்லாரும் பாயிற விளையாட்டில்லை. பாய்கிறவரின் எடைக்கு ஏற்பக் கோல் மாற வேண்டும், விழுகிறதுக்கு மெத்தை வேண்டும். வடக்கில் எத்தனை பாடசாலையில் அந்த மெத்தை இருக்கு? எத்தனை கோல் இருக்கு? இதை எழுதினால் அது விளையாட்டுச் செய்தியா, கல்விச் செய்தியா, அரசியல் செய்தியா? மூன்றும்தான். அதனால்தான் விளையாட்டுப் பக்கத்தைக் கை பழகுகிற இடம் என்று சொல்வது பொய் என்கிறோம்.

தேசிய மட்டத்தில் பாருங்கோ. 2023 ஜனவரியில் பீபா இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தைத் தடை செய்தது, ஓகஸ்டில்தான் தடை நீங்கியது. அதே வருடம் நவம்பரில் ஐசிசி இலங்கை கிரிக்கெட்டின் அங்கத்துவத்தை இடைநிறுத்தியது. இங்கே நடக்க வேண்டிய 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணம் தென்னாபிரிக்காவுக்குப் போனது. இரண்டுக்கும் பின்னால் இருந்தது விளையாட்டுக்குள் அரசாங்கம் எவ்வளவு தூரம் கை வைக்கலாம் என்ற கேள்வி. அதை எழுத 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டம் தெரிய வேண்டும், அமைச்சருக்கு என்ன அதிகாரம் என்று தெரிய வேண்டும். 2019இல் ஆட்ட நிர்ணயத்தைக் குற்றமாக்கி வந்த சட்டமும் தெரிய வேண்டும். தமிழ் வாசகருக்கு அந்த நேரம் பெரும்பாலும் கிடைத்தது ஆங்கிலச் செய்தியின் மொழிபெயர்ப்பு. மொழிபெயர்த்த பெடியனில் பிழையில்லை. அவருக்கு அந்தச் சட்டத்தைப் படிக்க ஒரு நாள் லீவு கொடுத்த ஆசிரியர் எத்தனை பேர்?

ஆகவே ஆசிரியர்மாரிடம் நாங்கள் கேட்பது இவ்வளவுதான். நியமனக் கடிதம் கொடுங்கோ, சேமலாப நிதி கட்டுங்கோ. எழுதின ஆளின் பெயரைப் போடுங்கோ. கிழமைக்கு இரண்டு ஆட்டத்துக்காவது பெற்றோல் காசு கொடுத்து அனுப்புங்கோ. விருந்தினர் பட்டியலைக் கடைசிப் பந்திக்குத் தள்ளுங்கோ. இதில் இரண்டு காசில்லாமலே நாளைக்குச் செய்யக்கூடியவை.

புதிதாக வாற தம்பி தங்கச்சியளுக்கும் எங்களிடம் சொல்ல இருக்கு. உங்களைச் சின்ன இடத்தில் இருத்தினால் நீங்களும் சின்னனா யோசிக்காதேங்கோ. விளையாட்டு விசிறியாக வந்தால் போதாது. கழகம் தாற ரீ ஷேர்ட்டையும் புரியாணிப் பார்சலையும் வாங்கினால் அடுத்த கிழமை அந்தக் கழகத்தின் கணக்கைக் கேட்க வாய் வராது. வாங்காதேங்கோ. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் உங்கட சொந்தக் கொப்பியில் பெயரும் வயதும் பாடசாலையும் நிமிடமும் எழுதி வையுங்கோ. பத்திரிகை வெட்டினாலும் கொப்பி இருக்கும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவலறியும் உரிமைச் சட்டம் உங்களுக்கும் சொந்தம். வலயக் கல்வி அலுவலகத்துக்கு விளையாட்டு உபகரணங்களுக்கு எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவழிந்தது எண்டு எழுதிக் கேளுங்கோ. தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். துரையப்பா விளையாட்டரங்கில் ஒரு ஓட்டப் போட்டியைப் பார்க்கிற கண்ணும் அந்தக் கடதாசியை எழுதுகிற கையும் ஒரே ஆளிடம் இருந்தால்தான் விளையாட்டுச் செய்தி வரும்.

கரப்பந்தாட்டத்தை 1991இல் தேசிய விளையாட்டாக்கினார்கள். ஊரில் மாலையானால் கயிறு கட்டி அதைத்தான் பெடியங்கள் விளையாடினம். எந்தப் பேப்பரையும் விரித்துப் பாருங்கோ, அது எத்தனை வரி வருது எண்டு. அந்த வரிகளை எழுத வேண்டிய ஆள் இப்போது மேசையில் இருந்து இன்னொருவர் அனுப்பின விருந்தினர் பட்டியலைத் திருத்திக்கொண்டிருக்கிறார். அவரை எழும்பி மைதானத்துக்குப் போக விடுங்கோ. போய் வருகிறவருக்குச் சம்பளமும் கொடுங்கோ.