முதலாளி போனார், தொழில் போகவில்லை!

"தொழிலாளிக்குப் பீடி சுற்றத் தெரியும், தொழிலை நடத்தத் தெரியுமா?" என்று கேட்போர் இன்றும் உண்டு. அவர்கள் கண்ணூருக்கு ஒருமுறை போய்வரட்டும்.

1966-இல் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் பிறந்தது. வேலைக்கு நேர வரம்பு, சம்பளத்துடன் விடுப்பு, காற்றோட்டமுள்ள இடம் - அது கேட்டவை இவைபோன்றவைதாம். 1968-இல் கேரள அரசு அதனைச் செயல்படுத்த முனைந்தது. மங்களூரின் பெரிய பீடி முதலாளிகள் என்ன செய்தனர்? கண்ணூர்ப் பகுதியிலிருந்த கம்பெனிகளை இழுத்து மூடினர்! சட்டப்படி நடந்தால் கட்டுப்படியாகாதாம். சுமார் 12,000 குடும்பங்களின் அடுப்பு அணைந்தது.

அழுதுகொண்டிருக்கவில்லை அந்தத் தோழர்கள். அரசு கடன் தந்து தோள் கொடுக்க, 1969 பிப்ரவரியில் 'தினேஷ் பீடி' கூட்டுறவு எழுந்தது. ஊர்தோறும் அடிப்படைச் சங்கம். அவற்றுக்கு மேலே மத்தியச் சங்கம். சங்கத்தை நடத்துவோரைத் தேர்ந்தெடுப்பது தொழிலாளியின் வாக்கு.

கட்டுப்படியாயிற்றா? ஆயிற்று! நல்ல கூலி, போனஸ், விடுப்பு, சேமநிதி எல்லாம் கொடுத்த பிறகும் வளர்ந்தது. ஒரு கட்டத்தில் 40,000-க்கும் மேற்பட்டோர் அங்கே வேலை பார்த்தனர். முதலாளியின் பெட்டிக்குப் போன பணம் தொழிலாளியின் வீட்டுக்குப் போயிற்று, இரகசியம் அவ்வளவுதான்.

ஆனால், பெரிய சோதனை பின்னால் வந்தது. புகையிலை நெஞ்சை அரிக்கும் நஞ்சு. புகைப்போர் குறைவது நாட்டுக்கு நல்லது. சுற்றியவர் வயிற்றுக்கோ இடி. 1990-களில் விற்பனை சரிந்தபோது, "கணக்கை முடித்துக்கொள்" என்று சங்கம் கைகழுவவில்லை. உணவுப் பொருள், குடை, ஆயத்த ஆடை எனப் புதுத் தொழில்களில் இறங்கியது. பீடி தந்த அத்தனை வேலையையும் அவை ஈடுசெய்துவிடவில்லை, உண்மை. ஆயினும் வேலைக்காகத்தான் இலாபம், இலாபத்துக்காக வேலையன்று என்ற நெறி நின்றது.

தோழர்களே! கூட்டுறவுச் சங்கங்களில் பொறுப்பு வகிப்போர் இதை நெஞ்சில் நிறுத்துங்கள். நல்ல எண்ணம் மட்டும் சங்கத்தைக் காக்காது. கணக்கு நேராக இருக்க வேண்டும். சரக்கு தரமாக இருக்க வேண்டும். இன்றைய சரக்கு நாளை விலைபோகுமா என்று இன்றே பார்க்கும் கண் வேண்டும். இம்மூன்றும் தொழிலாளிக்கு வரும் என்பதற்குக் கண்ணூரே சாட்சி!