உபரி யாருடைய உபரி?



ஏற்றுமதி இறக்குமதியை மிஞ்சிவிட்டது என்று பத்திரிகைகள் மகிழ்கின்றன. மகிழட்டும். 1998 முதல் ஒவ்வோர் ஆண்டும் மலேசியாவின் சரக்கு வாணிபத்தில் உபரிதான். ஆனால் நாம் கூலி உயர்வு கேட்டு வாய் திறந்தவுடன், “கூலி ஏறினால் ஏற்றுமதி சாயும், ஏற்றுமதி சாய்ந்தால் நாடு சாயும்” என்று பாடம் நடத்த வருகிறார்களே, அந்தப் பாடத்தைச் சற்றுக் கிளறிப் பார்ப்போம்.

கொரியப் போர்க் காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1951இல் ரப்பரின் சராசரி விலை ராத்தலுக்கு ஏறக்குறைய 1 வெள்ளி 70 காசு. 1953இல் 67 காசு. இதற்கிடையில் லாபீசிலும் குளுவாங்கிலும் என்ன மாறிற்று? அதே மரம், அதே கத்தி, அதே மங்கு. விடியுமுன் பிரட்டுக்கு ஓடிய அதே கால்கள். விலையை ஏற்றியது, அமெரிக்கா போருக்கென்று வாங்கிக் குவித்தது. இறக்கியது, அது கையை இழுத்துக்கொண்டதும் செயற்கை ரப்பரும். நம் கூலி அந்த விலையை ஏற்றவுமில்லை, இறக்கவுமில்லை. விலை விழுந்தபோது கூலி வெட்டப்பட்டது, அவ்வளவுதான்.

அந்த டாலர் எங்கே போயிற்று? ஸ்டெர்லிங் வட்டாரத்துக்கு அமெரிக்க டாலரை ஈட்டித் தந்ததில் மலாயாவே முன்னணியில் நின்றது. டாலர் லண்டனின் பொதுக் கையிருப்பில் சேர்ந்தது. போரால் கடன்பட்டிருந்த பிரிட்டனுக்கு அது உதவிற்று. லண்டனில் பதிவான தோட்டக் கம்பெனிகளின் லாப ஈவு தனி. கிராணிகளாகிய நாங்கள் செக்ரோல் எழுதுகிறவர்கள். வரவுப் பக்கத்தை மட்டும் காட்டிப் பற்றுப் பக்கத்தை மூடி வைத்தால் எந்தத் துரை எங்களை விட்டுவைப்பார்? இன்றும் சரக்கு உபரியில் ஒரு பெரும் பங்கு, முதலீட்டு வருமானம் என்ற பெயரில் கடல் கடக்கிறது. அது தலைப்புச் செய்தியில் வருவதில்லை.

இறக்குமதிப் பக்கமும் நம் தலையில்தான். பருப்பு, வெங்காயம், மிளகாய், கோதுமை எல்லாம் கப்பலில் வருபவை. வெள்ளியின் மதிப்பு சரிந்தால் ஏற்றுமதிக்காரருக்குக் கொண்டாட்டம். கடையில் நம் பற்றுப் புத்தகம் நீளும்.

குறைந்த கூலி ரப்பரையாவது காப்பாற்றியதா? 1988இல் 16 லட்சம் டன்னுக்கு மேல் வெட்டிய நாடு இது. கூலி குறைவாகவே இருந்தது. பிள்ளைகள் ஜொகூர் பாருவுக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். மரம் செம்பனைக்கு வழிவிட்டது. இன்று நாம் வெட்டுவதைவிட அதிகமாகத் தாய்லாந்திலிருந்தும் ஐவரி கோஸ்டிலிருந்தும் ரப்பர் வருகிறது, கையுறையாகிப் போகிறது. இறக்குமதி ரப்பருக்குக் கொடுக்கப் பணம் இருக்கிறது, பால் வெட்டும் கைக்குக் கொடுக்கத்தான் இல்லையாம்!

2013இல் தீபகற்பத்தில் குறைந்தபட்சச் சம்பளம் 900 வெள்ளி என்று சட்டம் வந்தது. 2025 பிப்ரவரியில் அது 1,700 ஆயிற்று. ஏற்றுமதி கவிழ்ந்ததா? இல்லையே!

அடுத்த பேச்சுவார்த்தைக்கு முதலாளிமார் தரப்பு ஏற்றுமதிக் கணக்கைத் தூக்கிக்கொண்டு வந்தால், லாப ஈவுக் கணக்கையும் மேசையில் வைக்கும்படி நம் பேராளர்கள் கேட்கவேண்டும். கிளைக் கூட்டங்களில் தீர்மானமாக எழுதி அனுப்புங்கள். மழை நாள் கூலியையும் அதோடு சேர்த்து எழுதுங்கள்.