மரத்தடி மருத்துவமும் மானியமும்

ஜிம்பாப்வேயின் மனநல மருத்துவர் டிக்ஸன் சிபாண்டா 2006-இல் ஹராரேயின் எம்பாரே பகுதியில் பணியைத் தொடங்கியபோது, அவருக்குச் சுகாதார நிலையத்தில் அறையும் இல்லை, உதவிக்குச் செவிலியரும் இல்லை. கிடைத்தவர்கள் 14 பாட்டிமார், அந்தப் பகுதியிலேயே வாழ்ந்த சுகாதாரப் பணியாளர்கள். வெளியே ஒரு மரப் பெஞ்சில் அமர்ந்து அவர்கள் மனம் தளர்ந்தோரின் குறைகளைக் கேட்டார்கள். சிக்கல்களில் ஒன்றை எடுத்து, அதற்கு வழி காணத் துணை நின்றார்கள்.

இந்த முறையைச் சோதிக்க 573 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2016-இல் வெளியானது. ஆறு மாதத்துக்குப் பின் மனச்சோர்வு அறிகுறி இருந்தோர், பாட்டிமாரிடம் பேசியவர்களில் 14 சதவீதம். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 50 சதவீதம்.

இடையில் கடந்தவை பத்து ஆண்டுகள். ஆனால் இரண்டு, மூன்று ஆண்டு ஆய்வு மானியத்தில் இளம் ஆய்வாளர் ஊராரின் நம்பிக்கையைப் பெறுவதற்குள்ளேயே கணக்கு முடிக்கும் நாள் வந்துவிடும். ஆய்வுக் கட்டுரை எண்ணிக்கையை மட்டும் பார்க்கும் தேர்வுக் குழுவுக்கு அந்த உழைப்பு கண்ணில் படாது. ஆய்வில் கைகோக்கும் உள்ளூர் மக்களுக்கு ஊதியம் தரப் பல திட்டங்களில் செலவுத் தலைப்பே கிடையாது. டீ, பஸ் செலவோடு சரி.

ஆரம்பநிலை ஆய்வாளருக்கு ஐந்தாண்டு மானியம், அதில் சமூகப் பங்காளிகளுக்குத் தனி ஒதுக்கீடு: நிதி நிறுவனங்கள் இதைக் கட்டாயமாக்க வேண்டும்.