பட்டனை அழுத்தினால் வருவது யார்?



தனியாக இருக்கும் வயசானவர்களுக்காக, கழுத்தில் மாட்டும் அவசர பட்டன், கையில் கட்டும் வாட்ச் எல்லாம் நம்ம ஊருக்கும் வந்துவிட்டன. வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் ஆசையாக வாங்கி அனுப்புகிறார்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அழுத்தினால் மணி எங்கே அடிக்கும், அதைக் கேட்டு யார் ஓடி வருவார்கள் என்று விசாரித்து வாங்குகிறோமா?

எங்கள் எதிர் வீட்டு மாமிக்கு எழுபத்தாறு வயசு. பையன் அமெரிக்காவில். போன மாசம் பாத்ரூமில் வழுக்கி விழுந்த மாமி, அவன் அனுப்பிய பட்டனை அழுத்தினார். தகவல் அமெரிக்காவுக்குத்தான் போனது! அங்கே நடுராத்திரி. நல்லவேளை, அவன் விழித்துக்கொண்டு எங்களுக்குப் போன் பண்ணினான். ஓடிப் போனால் வாசல் கதவு உள்பக்கம் தாழ். ஆசாரியைக் கூப்பிட்டுப் பெயர்த்து உள்ளே போக முக்கால் மணி நேரம். அதுவரை ஈரத் தரையில் கிடந்தார், பாவம். இடுப்பு எலும்பு முறிவு. பட்டன் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது.

இங்கிலாந்தில் இந்தப் பட்டன் ரொம்ப காலமாகவே உண்டு. வீட்டு டெலிபோன் வழியாக ஒரு நிலையத்துக்கு மணி போகும், அங்கே ராப்பகலாக ஆள் இருப்பார். அங்கேயே சிக்கல் வந்தது. பழைய கம்பி டெலிபோனை இன்டர்நெட் போனாக மாற்றியபோது சிலருடைய பட்டன் வேலை செய்யாமல் போய், 2023ல் விபரீதமாகிவிட்டது. அந்த டிசம்பரில் அரசு தலையிட்டு, இவர்கள் வீடுகளில் கட்டாயமாக மாற்றுவதை நிறுத்தி வைக்கச் செய்தது. புது லைனில் கரண்ட் போனால் போனும் போச்சு. கரண்ட் கட் நமக்குப் புதுசா என்ன?

நம் நாட்டில் முதியோருக்கென்று 14567 என்ற இலவச எண் 2021ல் நாடு முழுக்க வந்தது. பென்ஷன் விவரம், சட்ட ஆலோசனை, ஆதரவற்றவர்களை மீட்பது என்று நல்ல உதவிதான். ஆனால் காலை 8 முதல் ராத்திரி 8 வரைதான். ராத்திரி விழுந்தால் 108 அல்லது 112தான் கதி. இன்னொன்றும் பலருக்குத் தெரியாது. பெண்கள் பாதுகாப்புக்காக, 2017 முதல் விற்கும் செல்போன்களில் அவசர பட்டன் இருக்க வேண்டும் என்று மத்திய அரசு விதி போட்டது. சாதா போனில் 5 அல்லது 9ஐ அழுத்திப் பிடித்தால் போதும். கடைக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஆயிரக்கணக்கில் செலவழித்து வாட்ச் வாங்க முடியாதவர்களுக்கு இதுவே உதவும். ஆனால் போன் ஹாலில் சார்ஜில் கிடக்க, ஆள் பாத்ரூமில் கிடந்தால்? சுருக்குப் பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொள்ளச் சொல்லுங்கள்.

இப்போது மாமி வீட்டு மாற்றுச் சாவி என்னிடம். உள்தாழ்ப்பாளைக் கழற்றியாச்சு. காலை ஆறரைக்கு வாசல் லைட் அணையாவிட்டால் நான் போய்ப் பார்ப்பேன். கம்பெனிக்காரன் மாசச் சந்தா வாங்குகிறான், ஓடுவதென்னவோ பக்கத்து வீட்டுப் பெண்தான்! ஓடட்டும், பரவாயில்லை. நாங்கள் கல்யாணம், கார்த்திகை என்று ஊருக்குப் போகும் நாளில் யார் ஓடுவது? 14567ஐ ராத்திரியிலும் எடுக்க வேண்டும். கூப்பிட்டால் அந்தந்த வார்டிலிருந்தே ஒரு ஆள் வரவும் அரசு ஏற்பாடு செய்ய வேண்டும். வேறு ஊர்களில் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று தோழிகள் எழுதுங்களேன்.

- ஒரு குடும்பத் தலைவி, திருச்சி.