கைவிட்ட பாதையும் கைமாறிய நிலமும்

ரயில் ஓடாத ரயில் பாதை யாருக்குச் சொந்தம்? கேட்பதற்கு எளிதான இக்கேள்வி, அமெரிக்காவில் நியூ ஜெர்ஸி மாகாணத்திலுள்ள ஜெர்ஸி நகரத்தாரைப் பல வருஷங்கள் கோர்ட்டு வாயிலில் நிறுத்தி வைத்தது.

அந்நகரின் ஆறாவது தெருவை ஒட்டி, ஏறக்குறைய அரை மைல் நீளத்துக்குப் பெருங்கற்சுவர்கள் தாங்கி நிற்கும் மேட்டுப் பாதை ஒன்று உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பென்ஸில்வேனியா ரயில்வே கம்பெனியார் சரக்கு வண்டிகளுக்கென்று கட்டியது அது. அக்கம்பெனியின் வாரிசு 1970இல் திவாலாயிற்று. 1976இல் கான்ரெயில் என்னும் ஸ்தாபனம் பாதையைப் பெற்றது. பின்னர் வண்டிகள் நின்றன, தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன, மேட்டின்மேல் மரங்கள் தாமாகவே முளைத்துத் தோப்பாயின. 1999இல் மாகாணத்தின் சரித்திரச் சின்னங்களுள் ஒன்றாகவும் அது பதிவாயிற்று. ஜனநெருக்கம் மிகுந்த நகரத்தின் நடுவே இத்தகைய இடம் பொதுஜனங்களுக்குப் பூங்காவாக வேண்டுமென்று பலர் விரும்பியதில் வியப்பில்லை. கான்ரெயிலோ 2005இல் அதனை 30 லட்சம் டாலருக்குக் கட்டட வியாபாரி ஒருவரின் கம்பெனிகளுக்குக் கிரயம் செய்துவிட்டது.

நம் நாட்டில் ரயில்வேயை நடத்துவது மத்திய சர்க்கார். அங்கே பாதைகள் பெரும்பாலும் கம்பெனிகளின் உடைமை. ஆயினும் கம்பெனி தன் இஷ்டம்போல் பாதையைக் கைவிட முடியாது. மத்திய சர்க்காரின் தரைப் போக்குவரத்து போர்டு அனுமதிக்க வேண்டும். அவ்வனுமதி கோரும்போதுதான் சரித்திரச் சின்னத்தின் கதி விசாரிக்கப்படும். வருங்காலத்தில் ரயிலுக்குத் தேவையானால் திருப்பித் தருவதென்ற நிபந்தனையின்மேல் பாதையை ஜனங்களின் நடைபாதையாக்கவும் 1983ஆம் வருஷத்துச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் முழுப் பாதையாக இல்லாமல் வெறும் கிளைத் தண்டவாளமாயிருந்தால் அனுமதியே வேண்டியதில்லை. கான்ரெயில் இந்த இடுக்கு வழியாகத்தான் வெளியேறப் பார்த்தது.

நகரசபை போர்டிடம் முறையிட்டது. 2007இல் போர்டு, 'இது பாதையே' என்று தீர்த்தது. 2009இல் மேல் கோர்ட்டு, அதைச் சொல்லும் அதிகாரம் போர்டுக்கு இல்லை, 1973ஆம் வருஷத்து ரயில்வே சீரமைப்புச் சட்டத்தின்படி வேறொரு கோர்ட்டுக்கே உண்டு என்று அத்தீர்ப்பை ரத்துச் செய்தது. அந்தக் கோர்ட்டுக்குப் போனால், வழக்குத் தொடுக்க நகரத்துக்குப் பாத்தியதையே இல்லை என்று 2010இல் தள்ளுபடி! அத்தள்ளுபடி செல்லாதென்று 2012இல் தீர்ப்பு. 2013இல் 'பாதையே' என்று மறுபடியும் தீர்ப்பு. 2014இல் அதன் ஊர்ஜிதம். ஏழு வருஷங்களுக்கு முன் போர்டு கூறிய அதே இடத்தில் வந்து நின்றார்கள். இதற்குள் வக்கீல்களுக்குக் கொடுத்த பணத்தில் எத்தனை மரங்கள் நட்டிருக்கலாம்!

நகரத்தின் கட்சி நியாயமானது என்பதே நமது அபிப்பிராயம். எனினும் பொதுநலம் என்ற பெயரால் பிறர் நிலத்தை இனாமாக எடுத்துக்கொள்ளலாம் என்பதன்று. வெர்மாண்ட் மாகாணத்துப் பர்லிங்டன் நகரில் 1975இல் தண்டவாளம் அகற்றப்பட்ட பாதையை நடைபாதையாக்கிய விவகாரத்தில், சுப்ரீம் கோர்ட்டு 1990இல் சட்டம் செல்லும் என்றது. ஆனால் ரயில்வே பெற்றிருந்தது வழிப் பாத்தியதை மாத்திரமே என்றும், நிலத்துக்குரியவர்களுக்கு நஷ்டஈடு தரவேண்டும் என்றும் 1996இல் பெடரல் மேல் கோர்ட்டு தீர்ப்பளித்தது. விலை கொடுத்து வாங்கலாம், அதில் குற்றமில்லை.

ஜெர்ஸி நகரம் கேட்டதும் இனாமன்று. விற்பனைக்கு முன் சட்டப்படி விசாரணை நடக்க வேண்டும் என்பதே. பாதையா, கிளையா என்பதை விற்கும் கம்பெனியே தீர்மானித்துக்கொள்ள விட்டதுதான் இத்தனைக்கும் மூலம். போர்டின் அத்தாட்சிப் பத்திரம் இன்றி ரயில் நிலத்தின் கிரயப் பத்திரம் எதுவும் பதிவாகாது என்று ஒரு விதியை அந்நாட்டார் ஏற்படுத்தலாகாதா?