ஆறுமணிக் குருவி

மாரி நெருங்கும் நாள்களில், பொழுது சாயும் வேளை, கட்டைபறிச்சானின் வேலியோரப் பற்றைகளிலிருந்து ஓர் இரட்டைச் சீழ்க்கை எழும். இரண்டே சுரம், சிறிது மௌனம், மீண்டும் அதே இரண்டு. விடியலிலும் அந்தியிலும் கூவுவதால் நம்மவர் அதனை ஆறுமணிக் குருவி என்றனர். குரலைக் கேட்டவர் பலர். குருவியைக் கண்டவர் சிலரே.

கண்டவர் மறவார். உடல் ஏறத்தாழ 19 சென்ரிமீற்றர். வால் இல்லையென்றே சொல்லத்தக்க குட்டை. அச்சிற்றுடலிலே முதுகு பச்சை, தோளில் மின்னும் நீலம், மார்பு மங்கிய பொன், தொண்டை வெண்மை, கண்ணை ஊடறுத்து ஒரு கரும்பட்டை, வாலடியிற் குங்குமச் சிவப்பு. இந்தியில் இதற்கு நவரங் என்று பெயர். சிங்களத்தில் அவிச்சியா, தன் ஆடையை மயில் திருடிவிட்டதாகவும், அடுத்த புத்தர் வரும்போது முறையிடப்போவதாகவும் அது புலம்புகிறதாம். இவ்வளவு உடுத்திய பின்னுமா வழக்கு! 1766இல் அறிவியற் பெயரிட்ட லின்னேயஸ் இதனைக் காக்கையினத்திற் சேர்த்தது அதனினும் வேடிக்கை. இன்றைய அறிஞரோ இசைப்பறவைகள் என்ற உட்பிரிவில் இதற்கு இடமில்லை என்பர். நம் செவி அத்தீர்ப்பை ஏற்பதாயில்லை.

இமய அடிவாரத்திலும் நடு இந்தியக் காடுகளிலும் மழைக்காலத்திலே குஞ்சு பொரித்து, பின் தெற்கே பறந்து, கடலுங் கடந்து, செப்டெம்பர் ஒக்டோபரில் இலங்கையை அடைகிறது; சித்திரை வாக்கில் மீளுகிறது. வந்திறங்கும் நாள்களிற் களைத்து வீட்டுக்குள் வந்து விழுவதுமுண்டு. மரநிழலிலே தத்தித் தத்தி, சருகைப் புரட்டிப் புழு பூச்சி தின்பதே அதன் பிழைப்பு. சருகில்லையேல் அதற்கு இரையில்லை.

நம் கவலை இதுதான். பற்றையைக் கண்டால் வெட்டவும் சருகைக் கண்டால் எரிக்கவும் பழகிவிட்டோம். ஊர்ப்பெயரே, காரணம் எதுவாயினும், கட்டை பறித்துக் காடு திருத்தியதைச் சொல்வதுபோல் ஒலிக்கிறது. 2006ஆம் ஆண்டுப் போரிலே மூதூர் கிழக்கு இடம்பெயர்ந்தது. சம்பூரார் பலர் கட்டைபறிச்சான் முதலிய இடங்களின் முகாம்களிலிருந்து 2015இன் பின்னரே மண் மீண்டனர். காடு மூடிக் கிடந்த வளவைத் திருத்தியவரிடம் வெட்டாதீர் என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை.

பாடசாலை வளவு வேறு. சிரமதானம் என்றதும் மூலைமுடுக்கெல்லாம் கூட்டித் தீயிடுவதை ஆசிரியர்கள் சற்றே நிறுத்தலாகாதா? பின்மூலையில் நாலு மரத்தடிச் சருகை ஒரு மாரிக்காலம் அப்படியே விட்டுவைத்தாற் போதும். முதற் கூவலைக் கேட்ட திகதியை மாணவர் ஆண்டுதோறும் ஒரு கொப்பியிற் குறிக்கட்டும். பத்தாண்டு சேர்ந்தால் எந்தப் பல்கலைக்கழகமும் அதனை விரும்பிக் கேட்கும்.

இவ்வாண்டு முதலில் கேட்பவர், ஊரும் நாளும் நேரமும் குறித்து எமக்கு ஓர் அஞ்சலட்டை எழுதுக; இம்மலரில் வெளியிடுவோம்.